மாடு இரண்டு, வண்டி ஒன்று

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர், இருமொழிப் பலகைகளை வாசித்துக்கொண்டே போனால் ஒரு வேடிக்கை தட்டுப்படும். தமிழில் ‘கல்வராயன் மலை’. ஆங்கிலத்தில் ‘கல்வராயன் ஹில்ஸ்’. நமக்கு அது ஒரே மலை. ஆங்கிலமோ வாலில் ஒரு ‘ஸ்’ ஒட்டிவிட்டது.

ஆங்கிலம் படிக்கிறவர்களைப் படுத்துவது இந்த ‘ஸ்’தான். கல்வராயன் ‘ஹில்ஸ்’ என்றால், ஊட்டி ஏன் ‘ஹில் ஸ்டேஷன்’? அங்கே ஒரு மலையா இருக்கிறது?

ஒரு பெயர்ச்சொல் இன்னொன்றுக்கு முன்னால் நின்று அதை விளக்கும்போது, ஆங்கிலம் பெரும்பாலும் பன்மை விகுதியைக் கழற்றி வைத்துவிடும். துலக்குவது எல்லாப் பல்லையும்தான். கையில் இருப்பது ‘டூத் பிரஷ்’. ‘ஹண்ட்ரட் ருபீஸ் நோட்’ என்று நம்மில் பலர் சொல்கிறோம்; இலக்கணப்படி ‘ருபீ நோட்’தான். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் ‘ஷுகர் மில்ஸ்’. ஆனால் அங்கே வேலை பார்ப்பவர் ‘மில் வொர்க்கர்’. முன்னால் வந்ததும் அந்த ‘ஸ்’ போய்விட்டது.

தமிழருக்கு இது புதிதே அல்ல. கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் வண்டியை இழுப்பது இரண்டு மாடு. இருந்தும் அது மாட்டு வண்டிதான்; ‘மாடுகள் வண்டி’ என்று யாரும் சொல்வதில்லை. நாலு ஆடு, பத்து மரம் என்று ‘கள்’ இல்லாமலே நம் பேச்சு ஓடுகிறது. ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும் இத்தகைய சொற்களுக்கு ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்றே இலக்கணத்தில் பெயர் உண்டு.

சிக்கல், போக மறுக்கும் ‘ஸ்’களால் வருகிறது. சின்னசேலம் வழியாகப் போகும் சரக்கு ரயில் ‘கூட்ஸ் டிரெயின்’. ‘ஸ்’ஸை எடுத்தால் ‘குட் டிரெயின்’, நல்ல ரயில் ஆகிவிடும்! வங்கியின் ‘சேவிங்ஸ் அக்கவுண்ட்’டும் இந்த வகைதான். கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு முக்கியமான 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை ‘ஃபாரஸ்ட் ரைட்ஸ் ஆக்ட்’ என்கிறார்கள். காடு எத்தனை இருந்தாலும் ‘ஃபாரஸ்ட்’ ஒருமை. ‘ரைட்ஸ்’ மட்டும் பன்மை. உழுத நிலத்துக்கான உரிமை, சிறு வன மகசூல் சேகரிக்கும் உரிமை, ஊர் முழுவதற்குமான சமூக உரிமை என்று அதற்குள் பல தனித்தனியே இருக்கின்றன.

‘ஸ்’ போடாமல் உருமாறிப் பன்மையாகும் சொற்களுக்குக் கொஞ்சம் சலுகை. பீட்டர் கார்டன் என்ற ஆய்வாளர் 1985இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் எலி தின்னிக்குப் பெயர் கேட்டார். ‘ரேட்ஸ்’ தின்பதை ‘ரேட் ஈட்டர்’ என்றார்கள். ‘மைஸ்’ தின்பதையோ ‘மைஸ் ஈட்டர்’ என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த பாடமில்லை அது. சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் தொடங்கிய ‘ஆல் விமன் போலீஸ் ஸ்டேஷ’னிலும் ‘விமன்’ பன்மையாகவே நிற்கிறது. தமிழிலும் ‘மகளிர்’ பன்மைதான். உயர்திணைக்கு நாமும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஊர்ப்பெயர்கள் வேறு ரகம். நீலகிரி மாவட்டம் ஆங்கிலத்தில் ‘த நீல்கிரிஸ்’. 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மலை ரயிலோ ‘நீல்கிரி மவுண்டன் ரயில்வே’. வரையாடும் ‘நீல்கிரி டார்’தான். இங்கே, 2019 நவம்பர் 26 அன்று தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், ‘கல்வராயன் ஹில்ஸ் தாலுக்’ தன் ‘ஸ்’ஸை விடவில்லை. மலையேறும் பேருந்தின் நெற்றியில் ‘வெள்ளிமலை’ என்று மட்டும் போட்டிருக்கும். ஏறுகிறவர்களுக்கு அது போதும்.