நெடுந்தொலை ஓட்ட வீரர் சிவநாத் சிங்

சென்னையிலிருந்து திருப்பெரும்புதூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. திருப்பெரும்புதூரையும் ஓரகடத்தையும் சூழ்ந்து மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் பல இயங்குகின்றன. அங்குப் பணிபுரியும் தொழிலாளர் பலர் நாள்தோறும் பேருந்தில் வந்து செல்கின்றனர். நெருக்கடி மிகுந்த வேளைகளில் சென்னையிலிருந்து அவ்வழியைக் கடக்கப் பேருந்துக்கும் ஒரு மணி நேரத்திற்குமேல் ஆகும். அத்துணைத் தொலைவையும், அதற்குமேல் 2 கிலோமீட்டரையும் ஒருவர் இடையில் நில்லாமல் ஓடியே கடப்பதென்றால், அஃது எத்தகைய ஆற்றல்! அவ்வாறு ஓடும் பந்தயமே மாரத்தான் எனப்படுவது.

பண்டைக் கிரேக்க நாட்டில் மாரத்தான் என்னும் போர்க்களத்திலிருந்து ஏதென்ஸ் நகருக்கு வெற்றிச் செய்தியைச் சுமந்து ஒரு வீரன் ஓடினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. அதன் நினைவாக 1896இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டில் இப்பந்தயம் சேர்க்கப்பட்டது. கிரேக்க நாட்டவரான ஸ்பைரிடன் லூயிஸ் அதில் முதற்பரிசு பெற்றார். அன்று ஓடிய தொலைவு சுமார் 40 கிலோமீட்டர். 1908இல் லண்டன் ஒலிம்பிக்கில் வின்சர் அரண்மனையில் தொடங்கி விளையாட்டரங்கில் முடியுமாறு வழி வகுத்தனர். அவ்வழியின் அளவாகிய 42.195 கிலோமீட்டரே 1921 முதல் நிலையான தொலைவாக ஏற்கப்பட்டது.

இப்பந்தயத்தில் நம் நாட்டின் புகழை நிறுவியவர்களுள் தலையாயவர் சிவநாத் சிங். இவர் 1946இல் பீகார் மாநிலத்தில் பக்சர் பகுதியிலுள்ள சிற்றூர் ஒன்றிற் பிறந்தார். இளமையில் இந்தியத் தரைப்படையிற் சேர்ந்தார். காலணியின்றி வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் இவர். 1974இல் டெஹ்ரான் நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் 5,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கப் பதக்கமும், 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். அவ்வாண்டிற்குரிய அர்ஜுனா விருதும் இவருக்கு வழங்கப்பட்டது.

1976இல் கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரில் ஒலிம்பிக் விளையாட்டு நடைபெற்றது. மாரத்தான் ஓட்டத்தில் சிவநாத் சிங் 2 மணி 16 நிமிடம் 22 விநாடியில் ஓடிப் பதினோராம் இடம் பெற்றார். முதலிடம் பெற்ற கிழக்கு ஜெர்மானியர் வால்டெமார் சியர்பின்ஸ்கி எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 9 நிமிடம் 55 விநாடி. இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு ஏழு நிமிடங்கூட இல்லை. உலகின் சிறந்த வீரர்கள் கூடிய அவ்வோட்டத்தில் இவருக்கு முன்னே எல்லையை எட்டியவர் பதின்மரே ஆவர்.

இரண்டாண்டு கழித்து, 1978இல் ஜலந்தர் நகரில் இவர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். இதன் அருமையை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஒவ்வொரு கிலோமீட்டரையும் சுமார் 3 நிமிடம் 8 விநாடியில் கடந்தால்தான் இந்நேரம் வரும். அஃதாவது, 100 மீட்டரை ஏறக்குறைய 19 விநாடியில் ஓட வேண்டும். ஓடியபின் நில்லாமல் அவ்வாறே மீண்டும் மீண்டும் 422 முறை ஓட வேண்டும். பள்ளி மைதானத்தில் ஒருமுறை ஓடிப் பார்ப்போர்க்கு இதன் கடுமை இனிது விளங்கும்.

இவ்வோட்டம் ஏன் இத்துணைக் கடினமானது? நாம் உண்ணும் சோறு முதலியவற்றிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி தசைகளிலும் ஈரலிலும் சேமித்து வைக்கப்படுகின்றது. விரைந்து ஓடும்போது உடல் அதனையே பெரிதும் செலவிடுகின்றது. அச்சேமிப்பு பலருக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும் அளவிற் குறைந்துவிடும். அப்போது கால்கள் கனக்கும், உள்ளமும் தளரும். உழைக்கும் தசைகளில் எழும் வெப்பத்தை வியர்வை தணிக்கின்றது. ஆனால் அதனால் உடலின் நீர் குறைகின்றது. எனவே, தொடக்கத்திற் பாய்ந்தோடி ஆற்றலை இறைத்தவர் பின்பு தளர்வர். தொழிற்சாலையில் வண்டிகளைப் பூட்டும் வரிசை காலை முதல் மாலை வரை ஒரே சீராக நகர்வதால் அன்றோ எண்ணிய வண்டிகள் வெளிவருகின்றன? அச்சீர்மையே நெடுந்தொலை ஓட்டத்தின் உயிர்நாடி. அதனைப் பல்லாண்டுப் பயிற்சியாலன்றிப் பெறுதல் இயலாது.

சிவநாத் சிங்குக்கு எல்லா ஓட்டமும் வெற்றியாக முடியவில்லை. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் அவரால் ஓட்டத்தை முடிக்க இயலவில்லை. ஆயினும் அவருடைய பெருமை அதனாற் குன்றவில்லை. பின்னாளில் அவர் ஜாம்ஷெட்பூர் எஃகு நகரில் டாட்டா நிறுவனத்திற் பணியாற்றினார், 2003இல் மறைந்தார்.

ஜலந்தரில் அவர் நாட்டிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எந்த இந்தியராலும் வெல்லப்படாமல் நின்றது. இதற்கிடையே காலணிகள் சிறந்தன. பயிற்சி முறைகள் வளர்ந்தன. உணவு பற்றிய அறிவும் பெருகிற்று. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் கோபி, கேத்தா ராம் என்னும் இந்திய வீரர் இருவர் முறையே 25ஆம், 26ஆம் இடங்களைப் பெற்றனர். 2017இல் கோபி ஆசிய மாரத்தான் போட்டியில் முதற்பரிசு வென்றார். இவர்கள் நேரமும் 2 மணி 15 நிமிடத்திற்கு மேற்பட்டதே.

ஒரு சாதனை நெடுங்காலம் நிற்பது அதனைச் செய்தவர்க்குப் பெருமை. அதனை வெல்ல ஒருவர் வாராதிருப்பது நாட்டிற்குக் குறையே. சிவநாத் சிங் சிற்றூரிலிருந்து புறப்பட்டவர்; அவருடைய செல்வம் இரு கால்களும் தளரா ஊக்கமுமே. திருப்பெரும்புதூர், ஓரகடம் போன்ற ஊர்களில் வயல்கள் தொழிற்சாலைகளாக மாறிவருகின்றன. அங்கும் சிறுவர் சிறுமியர் அஞ்சாமல் ஓடுவதற்குத் திறந்தவெளி ஒன்று இருத்தல் வேண்டும். அத்தகைய வெளியில் ஓடும் கால்களுள் எவை நாளை நாட்டின் புகழைச் சுமக்கும் என்பதை இன்றே யார் அறிவார்?