பெயிண்டால் மறையாத ஈரம்
பழைய சுவரைக் காப்பது எப்படி?

மழை ஓய்ந்ததும் மும்பையின் பழைய சால்களில் ஆண்டுதோறும் வரும் செலவு ஒன்று உண்டு. சுவரில் உப்பிக் கிளம்பிய பெயிண்டைச் சுரண்டி, சிமெண்டு பூசி, தீபாவளிக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பார்கள். போனஸ் பணத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். அடுத்த ஆடியில் ஈரம் மறுபடி தலைகாட்டும். சில வீடுகளில் முன்னைவிட ஒரு சாண் உயரத்தில்!

கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. சுவருக்கு ஒவ்வாத மருந்தைக் கொடுத்ததுதான் தவறு.

கிர்காவ் போன்ற இடங்களில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவர்கள் பல உண்டு. இத்தகைய சுவர் நீரை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே அது மெல்ல ஆவியாகிவிடும். மேலே சிமெண்டும் எண்ணெய்ப் பெயிண்டும் ஏறினால் அந்த வழி அடைபடுகிறது. உள்ளே நின்ற ஈரம் மேல்நோக்கி ஏறுகிறது.

எங்கிருந்து வருகிறது?

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை ஒரே வரிசையாகக் கறை இருந்தால் பெரும்பாலும் நில ஈரம். மழைக்காற்று மோதும் மேற்குச் சுவரில் மட்டும் என்றால் வெளிப்பூச்சின் வெடிப்பு. மழை இல்லாத நாளிலும் ஓரிடம் நனைந்தே இருந்தால் குழாய்க் கசிவு.

சந்தேகம் இருந்தால் ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாளில் தாளின் பின்புறம் நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்புறம் கோத்தால் அது சமையல் ஆவியும் காற்றோட்டக் குறைவும். ஜன்னலைத் திறந்து வைப்பதே அதற்கு வைத்தியம்.

கசிவை நிறுத்தாமல் பூசுவது வீண்.

செய்யும் முறை

கறைக்கு மேல் ஓரடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் சுரண்ட வேண்டும். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி, வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மீண்டும் உள்ளே போய்விடும்.

பிறகு சுவரைக் காயவிடுங்கள். வாரங்கள் ஆகும், கனத்த சுவருக்கு மாதங்களும் ஆகும். பலர் பொறுமை இழப்பது இங்கேதான். அக்டோபரில் கொத்தினால் ஜனவரியில் பூசலாம்.

நன்கு ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த உப்பில்லாத மணல் மூன்று பங்கு. ஈரம் கூடுதலான இடத்தில், மணலில் ஒரு பங்கைக் குறைத்து அதற்குப் பதில் செங்கற்பொடியான சுர்க்கியைச் சேர்க்கலாம். நம் ஊர்க் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலப்பது இந்தக் காரையில்தான்.

சுவரை லேசாக நனைத்து, அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசுங்கள். முதல் பூச்சைக் கீறிவிட்டு, அது இறுகிய பின் இரண்டாவது பூச்சு. சில நாட்கள் ஈரச்சாக்கு தொங்கவிட்டு வெயில் படாமல் காக்க வேண்டும். கடைசியில் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள். பிளாஸ்டிக் பெயிண்ட் வேண்டாம்.

எச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டதும் கொதிக்கும், கண்ணையும் கெடுக்கும். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

வாடகைதாரர் கவனத்துக்கு

சுவரைக் கொத்துமுன் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கான்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து வெடித்திருந்தால் அது பூச்சு வேலை அல்ல. பொறியாளர் பார்க்க வேண்டும். 1969 செப்டம்பர் வரை மும்பை நகரில் கட்டி, செஸ் வரி செலுத்தும் கட்டடங்களின் கட்டமைப்புப் பழுதுக்கு மஹாடாவின் பழுதுபார்ப்பு வாரியத்தை அணுகலாம்.

இந்த வேலையைக் கற்க ஒரு சிறு சுவர் போதும். தெரிந்த கொத்தனாருடன் சில ஞாயிற்றுக்கிழமைகள் கூட நின்று பாருங்கள். ஒருமுறை சரியாகச் செய்த சுவர், அடுத்த தீபாவளி போனஸை வீட்டிலேயே தங்க வைக்கும்.