வளைத்தால் வளைந்தபடியே நிற்கும் குழாய்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலோ சிதம்பரம் மேல வீதியிலோ ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போய் வாஷ்பேசினுக்கு வேஸ்ட் பைப் கேட்டால், நெளிநெளியாகச் சுருங்கிக் கிடக்கும் வெள்ளைக் குழாய் ஒன்றை எடுத்துத் தருவார்கள். இரு முனையையும் பிடித்து இழுத்தால் டிக், டிக்கென்று மடிப்பு மடிப்பாக விரியும். கையை விட்டாலும் சுருங்காது. யூ வடிவில் வளைத்து மேஜையில் வைத்தால் அப்படியே கிடக்கும். வாஷிங் மெஷினின் வடிகுழாயும் பார்வைக்கு இதே மாதிரிதான். ஆனால் அதை வளைத்துவிட்டுக் கையெடுத்தால் நிமிர்ந்துகொள்ளும். இரண்டும் பிளாஸ்டிக், இரண்டிலும் நெளிவு. பிறகு ஏன் ஒன்று நிற்கிறது, ஒன்று நிற்பதில்லை?

வளைந்து நிற்கும் பொருள்கள் வேறு வகையிலும் உண்டு. செம்புக் குழாயை வளைத்தால் உலோகமே நிரந்தரமாக உருமாறிவிடுகிறது. திரும்பத் திரும்ப வளைத்தால் இறுகி, கடைசியில் விரிசல் விடும். மேடை மைக்கைத் தாங்கும் வளைகழுத்து உலோகக் குழாயில் இரண்டு கம்பிச் சுருள்கள் ஒன்றையொன்று இறுக்கி உரசுகின்றன. அந்த உராய்வுதான் மைக்கைப் பிடித்துக்கொள்கிறது. நம் வெள்ளைக் குழாயில் உராய்வுக்கு வேலையே இல்லை. அங்கே நடப்பது பெரும்பாலும் வடிவ விளையாட்டு.

பழைய குழாய் ஒன்று கிடைத்தால் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஒவ்வொரு நெளிவும் நுனி வெட்டிய இரண்டு கூம்புகள், அகன்ற வாயோடு வாய் ஒட்டியது போல இருக்கும். ஒரு கூம்பின் சுவர் நீளம், செங்குத்துச் சாய்வு. மற்றதன் சுவர் குட்டை, படுக்கைச் சாய்வு. அமுக்கும்போது இந்தக் குட்டைச் சுவர்தான் உள்ளே புரண்டு, நீளச் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் குடை பிடித்துப் போனவர்களுக்கு இது தெரிந்த சங்கதி: காற்று ஒரு அடி அடித்ததும் குடை மறுபக்கம் புரண்டு, நாமாக இழுத்துச் சரிசெய்யும்வரை அப்படியே நிற்கும்.

புரளும் வழியில் பாதியில் சுவர் தட்டையாகும் ஒரு கட்டம் வருகிறது. தன் அகலத்தைவிடக் குறுகலான இடத்துக்குள் அது நெருக்கிப் பிடிக்கப்படுகிறது. அந்த நெருக்கலுக்கு விசை வேண்டும். அந்த மேட்டைத் தாண்டிவிட்டால் எந்தப் பக்கம் போனாலும் ஆசுவாசம். அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் விரிந்த நிலை, மடிந்த நிலை என்று இரண்டு ஓய்விடங்கள். டிக் என்ற சத்தம், மேடு தாண்டியதும் தேங்கிய ஆற்றல் சட்டென்று வெளியேறுவது. வாஷிங் மெஷின் குழாயில் நெளிவுகள் உருண்டையாக, இருபுறமும் ஒரே அளவில் இருப்பதால் தாண்டுவதற்கு மேடே கிடையாது. சத்தமும் இல்லை.

இதுவரை சொன்னது நீள்வதற்கும் சுருங்குவதற்கும் பொருந்தும். வளைவு இன்னும் சுவாரசியமானது. வளைக்கும்போது மடிப்பின் ஒரு பாதி மட்டும் உள்ளே புரள்கிறது, எதிர்ப்பாதி விரிந்தே நிற்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: குழாயின் விட்டம் 32 மில்லிமீட்டர், புரண்ட பக்கம் 5 மில்லிமீட்டர் குறைகிறது என்றால், அந்த ஒரு மடிப்பு திரும்பும் கோணம் ஏறக்குறைய 9 பாகை. பத்து மடிப்பில் செங்கோணம், இருபதில் முழு யூ.

ஆனால் பாதி புரண்ட கூம்பு அப்படியே நிற்க வேண்டிய கட்டாயம் என்ன? 2018இல் ‘ஸாஃப்ட் மேட்டர்’ என்ற ஆய்விதழில் நகுல் பெந்தேயும் சக ஆய்வாளர்களும் இதைத்தான் கேட்டார்கள். எக்ஸ்ரே சி.டி. ஸ்கேனில் வைத்து வளைவுகளை அளந்தார்கள். நீள்வதற்கும் சுருங்குவதற்கும் கூம்பின் கோணமும் உயரமும் சரியாக அமைந்தாலே போதும்; வளைந்த நிலை நிலைப்பதற்கோ, சுவருக்குள் முன்கூட்டியே ஓர் உள்ளிறுக்கம் இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் கண்டது. சுவர் இயல்பாக எடுத்துக்கொள்ள நினைக்கும் வளைவு ஒன்று, குழாய்க்குள் அது இருக்க நேர்ந்த வளைவு வேறொன்று. இந்தப் பொருத்தமின்மைதான் வளைவைப் பிடித்து வைக்கிறது. தினம் கையில் புரளும் ஒரு பொருளின் ரகசியம் இவ்வளவு தாமதமாகவா வெளிவர வேண்டும் என்று தோன்றத்தான் செய்கிறது.

அவர்கள் ஆராய்ந்தது, இதே மாதிரி மடிப்புகள் கொண்ட, குளிர்பானம் குடிக்கும் வளையும் ஸ்ட்ராவின் வடிவத்தை. அதன் மூதாதை காகிதம். சான்பிரான்சிஸ்கோவில் ஜோசப் ஃப்ரீட்மன் தன் சின்ன மகள் நேர் ஸ்ட்ராவில் மில்க்‌ஷேக் குடிக்கத் திணறுவதைப் பார்த்து, காகித ஸ்ட்ராவுக்குள் ஒரு திருகாணியைச் செருகி, பல் இடுக்கு நூலை மேலே சுற்றி, புரி பதித்தார். 1937இல் காப்புரிமை கிடைத்தது. 1947இல் முதல் விற்பனை ஒரு மருத்துவமனைக்கு. படுத்த படுக்கையில் இருப்பவருக்கு அது எவ்வளவு சௌகரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளாஸ்டிக் ஸ்ட்ரா தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதலும் தடைசெய்யப்பட்டதால், மறுபடி காகிதத்துக்கே வந்திருக்கிறோம். காகிதம் பிளாஸ்டிக்கைப் போலத் துள்ளிப் புரளாது. அது வளைந்து நிற்பது வெறும் கசங்கலால்.

வீட்டுக்கு வருவோம். சமையலறை சிங்க்குக்கு இந்தக் குழாயை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சோறு வடித்த கஞ்சியைச் சுடச்சுட அதில் ஊற்றுகிறோம். பி.வி.சி. சுமார் 80 பாகை செல்சியஸிலேயே இளகும்; இளகினால் உள்ளிறுக்கம் தளரும், யூ வளைவு தொய்யும். அந்த யூவில் தேங்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தை மறிக்கிறது. வளைவு போனால் தண்ணீர் நிற்காது. போதாததற்குக் கஞ்சிப் பசையும் எண்ணெயும் ஒவ்வொரு மடிப்பிலும் படியும். அங்கே வழவழப்பான கெட்டி யூ குழாய் (டிராப்) போடச் சொல்லுங்கள். வாஷ்பேசினுக்கு நெளிகுழாய் தாராளமாகப் போதும், வாங்கும்போது கடையிலேயே ஒருமுறை வளைத்து, டிக் சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டால்.