நகைப்புக்கு இரு நீதியா?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரிலிருந்து கீழே இறங்கி, திருவண்ணாமலை ஜில்லாவின் கிராமங்களில் தெருக்கூத்துப் பார்த்தவர்கள் கட்டியங்காரனை மறக்கமாட்டார்கள். துரியோதன மகாராஜா கொலுவிருக்க, அவன் எதிரிலேயே நின்று அவனைக் கேலி செய்வான். ராஜா சினப்பதில்லை, சபை சிரிக்கும். அரசனை நகைப்பது இந்நாட்டுக்குப் புதிதன்று.

விக்டோரியா மகாராணி காலத்து லண்டனிலும் மேடையின் நகைப்புக்குக் குறைவில்லை. நாடகக் காட்சிகளையும் வேஷதாரிகளையும் தாளில் அச்சிட்டுக் கடைகளில் விற்றார்கள். கறுப்புத் தாள் ஒரு பென்னி, வர்ணம் தீட்டியது இரண்டு பென்னி. சிறுவர் அவற்றைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, மேஜைமீது நாடகம் நடத்தினர். மேடையை இவ்வளவு அறிந்த ஜனங்களுக்கு, மந்திரிகளுக்கு நாடக வேஷம் கட்டி ஒரு விகடச் சித்திரம் வரைந்தால் போதும், விளக்கம் வேண்டியதில்லை.

1841-ல் தோன்றிய 'பஞ்ச்' பத்திரிகையின் ஜான் டென்னியல் இதில் கைதேர்ந்தவர். 1876-ல் ராணிக்கு இந்தியச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டப் பிரதமர் டிஸ்ரேலி முனைந்தபோது, அவரை அலாவுதீன் கூத்தின் மந்திரவாதியாக வரைந்தார். பழைய விளக்குக்குப் புது விளக்கு என்று கூவி ஏமாற்றுகிறவன் அவன். படத்திலோ பழைய கிரீடத்துக்குப் புதுக் கிரீடம்! வர்ணமில்லாத படந்தான், ஆயினும் அரசியையும் மந்திரியையும் ஒருங்கே குத்திற்று. டென்னியலுக்குக் கிடைத்த தண்டனை என்ன? 1893-ல் 'ஸர்' பட்டம்!

அதே 1876-ல் கல்கத்தாவைப் பாருங்கள். வேல்ஸ் இளவரசரை வீட்டுக்கழைத்து அந்தப்புரப் பெண்களைக் கொண்டு உபசரித்த ஒரு வக்கீலை, கிரேட் நாஷனல் தியேட்டர் ஒரு பிரகசனத்தில் பரிகசித்தது. உடனே வைஸ்ராய் நார்த்புரூக் அவசரச் சட்டம் பிறப்பித்தார். ஆண்டு முடிவதற்குள் நாடகச் சட்டமே வந்துவிட்டது. லண்டனில் சிரித்தால் ரஸிகத்தன்மை. கல்கத்தாவில் சிரித்தால் குற்றம்!

ஆனால் மேடைக்குப் பூட்டுப் போடலாம், சித்திரத்துக்கு? 1873-ல் தாரகேசுவரம் மடாதிபதியின் ஒழுக்கக்கேடு கோர்ட்டுக்கு வந்தது. அதை வங்காள மேடை நாடகமாக்கியது. காளிகாட் கோவிலருகே படம் எழுதுவோர் அதை வர்ணச் சித்திரங்களாக்கி யாத்திரிகர்களுக்கு விற்றனர். நாடகம் காணாதவர் வீட்டிலும் அது தொங்கிற்று. தமிழ்நாட்டில் 1906-ல் தொடங்கிய 'இந்தியா' பத்திரிகையில் பாரதியார் விகடச் சித்திரங்களை ஆயுதமாகக் கொண்டார். 1908-ல் அடக்குமுறை முற்றவே, பத்திரிகை பிரெஞ்சுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது.

அன்னியன் செய்த அநீதியைப் பழிப்பது எளிது. நாம் செய்தது என்ன? 1876-ஆம் வருஷத்துச் சட்டம், சுதந்திரம் கிடைத்து எழுபதாண்டுகள் கடந்தபின், 2018-ல்தான் ரத்தாயிற்று. அது போதாதென்று 1954-ல் நம் ராஜ்யத்தாரே தனியாக ஒரு நாடகச் சட்டம் செய்துகொண்டனர். அதன் முக்கியப் பிரிவுகள் செல்லா என்று சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது 2013-ல்!

வெள்ளைக்காரன் போனான், அவனுடைய அச்சம் மட்டும் நம் ஆட்சியாளரிடம் தங்கிவிட்டது. கட்டியங்காரனின் கேலியைப் பொறுத்துக்கொள்ளும் கூத்துமேடைத் துரியோதனனிடமாவது நம்மை ஆள்வோர் பாடம் கற்பார்களாக.