பசி நடத்திய பயணம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைவோர் முதலில் காண்பது குளிரும் ஏரியும்தான். அங்கிருந்து மஞ்சக்குட்டை போன்ற மலைச்சிற்றூர்களை நோக்கிச் சென்றால் வேறொரு காட்சி விரியும். சில்வர் ஓக் மரநிழலில் காபிச் செடிகள்; மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக் கொடிகள்; தலைமுறை தலைமுறையாகச் சேர்வராயனை வணங்கி, சாமையும் கேழ்வரகும் விளைவித்து வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் இம்மலையில் காபிப் பயிரை ஊன்றினார். பின்னர் ஐரோப்பியர் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்ய மலைமக்களோடு சமவெளி மக்களும் வந்தனர். பிறந்த ஊரில் வயிறு நிறைந்திருந்தால் அவர்கள் இந்த ஏற்றத்தை ஏறியிருப்பார்களா?

இக்கேள்விக்கு விடை காண, மலையடிவாரத்துச் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கைப் பார்ப்போம். 1871இல் மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 19 இலட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் அத்தொகை ஏறத்தாழ 16 இலட்சம். பத்தாண்டுகளில் பெருக வேண்டிய மக்கள்தொகை, ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவாகச் சுருங்கிவிட்டது. இடையில் நிகழ்ந்ததுதான் 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம். தாது வருடத்தில் தொடங்கியதால் மக்கள் அதனைத் ‘தாது வருடப் பஞ்சம்’ என்றனர். தாது என்னும் ஆண்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதன்பின் 1936இலும் 1996இலும் வந்து சென்றது. எனினும் சிற்றூர் முதியோர் ‘தாது வருசம்’ என்று சொன்னால் அது 1876ஐ மட்டுமே குறிக்கும்.

1876இல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தன. மானாவாரி நிலத்துக் கம்பும் சோளமும் கருகின. ஆனால் மழை பொய்த்ததால் மட்டும் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர் என்று எழுதிவிடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும். தானியம் நாட்டில் அறவே இல்லாமல் போகவில்லை. சேலத்திற்கு 1860களின் தொடக்கத்திலேயே புகைவண்டி வந்துவிட்டது. அவ்வண்டி தானியத்தைக் கொண்டுவந்தது. எங்கு விலை மிகுதியோ அங்கு எடுத்துச் செல்லவும் செய்தது. பஞ்ச ஆண்டுகளிலும் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. சந்தையில் தானியம் இருந்தும் அதனை வாங்கும் காசு உழைப்பாளியின் மடியில் இல்லை. உழவரல்லாத நெசவாளரும் இதனால்தான் வீழ்ந்தனர். உண்ணவே வழியற்றவர் துணி வாங்குவரோ? தறி ஓயவே அடுப்பும் ஓய்ந்தது. நெசவாளருக்கு நூல் கொடுத்துத் துணியைத் தானே வாங்கிக்கொள்ளும் திட்டத்தை அரசு மேற்கொள்ள வேண்டியதாயிற்று.

அரசின் நிவாரணம் பெரும்பாலும் வேலைக்குக் கூலி என்ற முறையில் அமைந்தது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்போது வெட்டப்பட்டதே; அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகன் பெயரையே அது தாங்கி நிற்கிறது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், 1877 சனவரியில் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். ஓர் இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் மண்வெட்டுபவருக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்து எழுதினார். சில மாதங்களுக்குப் பின் கூலி உயர்த்தப்பட்டது. அந்தச் சில மாதங்களில் மாண்டவர் மாண்டவரே. வில்லோபி ஹூப்பர் என்னும் படை அலுவலர் எடுத்த ஒளிப்படங்கள் இன்றும் உள்ளன. எலும்புக்கூடாய் அமர்ந்திருக்கும் அக்குடும்பங்களின் கண்களை நேருக்குநேர் பார்ப்பது எளிதன்று.

இதே போன்ற துயரம் முப்பதாண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் நிகழ்ந்தது. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு பூஞ்சை போன்ற நோய்க்கிருமி அழிக்க, அதையே உணவாகக் கொண்ட ஏழை மக்கள் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்தனர். ஏறத்தாழ அதே அளவினர் கப்பலேறினர். அப்போதும் அந்நாட்டுத் தானியம் ஏற்றுமதியாயிற்று. அங்கு நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்திய இலண்டன் கருவூல அலுவலர் சார்லஸ் டிரெவெலியன், 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. ஆள் மாறினாலும், சந்தையில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கை மாறவில்லை.

ஐரிஷ் மக்களுக்கு அமெரிக்கா என்றால், தமிழருக்கு இலங்கை, பர்மா, மலாயா, மொரிசியசு, நேட்டால். மொரிசியசுக்கு 1834 முதலும் நேட்டாலுக்கு 1860 முதலும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். இலங்கைக்குச் செல்வதற்கு ஒப்பந்தத்தைவிடக் கங்காணியின் சொல்லே மிகுதியும் வழியாயிற்று. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதி மக்கள் கால்நடையாகக் கடற்கரையை அடைந்து, தோணியில் மன்னார்க் கரை இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரை வீழ்த்தின. தோட்டத்தை அடைந்தவர் கையில் சம்பளத்துக்கு முன்பே கடன் இருந்தது. பயணச் செலவும் கங்காணி தந்த முன்பணமும் அவர் பெயரில் எழுதப்பட்டன. அக்கடன் தொகையைக் குறித்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்தினாலன்றி ஒருவர் வேறிடம் செல்ல இயலாது. 1921இல்தான் இம்முறை ஒழிந்தது.

தமிழ் இலக்கியம் பசியை நெடுங்காலமாக அறிந்தது. சமைக்காததால் காளான் பூத்த அடுப்பைப் புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் காட்டுகிறார். பாண்டிய நாட்டின் பன்னிரண்டாண்டுப் பஞ்சத்தில் புலவர்களை வேறு நாடு சென்று பிழைக்கும்படி அரசன் அனுப்பியதை இறையனார் களவியல் உரை கூறுகிறது. தாது வருடப் பஞ்சத்தின்போது மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைக் கொண்டு கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைக் கீர்த்தனையால் போற்றினார். சிவகங்கைப் பகுதியைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ வேறு வகையானது. மக்களைக் காக்குமாறு மதுரைச் சொக்கநாதரே சிவகங்கை மன்னருக்கு ஓலை எழுதுவதாக அவர் பாடினார். பாணபத்திரருக்காக அன்று சேரனுக்குத் திருமுகம் எழுதிய இறைவன், இன்று குடிகளுக்காக எழுதுகிறார். நகைச்சுவை நிறைந்த அந்நூலைச் சிரித்தபடியே படிக்கத் தொடங்கலாம். அச்சிரிப்பு நெடுநேரம் நீடிக்காது.

கடல் கடந்தோர் துயரைப் பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்னும் பாடலில் பிஜித் தீவின் பெண்களை எண்ணிப் பாடினார். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ மருதி என்ற பெண்ணை இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்கிறது. இருவருமே பெண்ணைத் தேர்ந்தது தற்செயலன்று என்பது என் எண்ணம். பசியோடு மானத்தையும் அங்கு அவள் காக்க வேண்டியிருந்தது. மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ எனப் பெயர்த்த புதினம் வால்பாறையைக் களமாகக் கொண்டது. கடலைத் தாண்டாமலேயே அதே கங்காணியையும் அதே முன்பணத்தையும் நம் மலைகளில் காணலாம் என்பதற்கு அது சான்று.

இலங்கை மலையகத்தைக் காடழித்துத் தோட்டமாக்கியோரின் வழித்தோன்றல்களில் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவு செய்தது. அவ்வாறு திரும்பியோருக்கு வேலையளிக்க நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களை விரிவாக்கியது. கொள்ளுப்பாட்டன் விட்டுச் சென்ற நாட்டிற்குக் கொள்ளுப்பேரன் வந்தபோது, அவனைப் பிறர் அழைத்த பெயர் ‘சிலோன்காரன்’.