சுரங்கத்தை மூடினால் ஊர் என்ன ஆகும்?

1992 அக்டோபர் 13 அன்று பிரிட்டிஷ் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். எஞ்சியிருந்த 50 நிலக்கரிச் சுரங்கங்களில் 31 மூடப்படும். சுமார் 30,000 பேருக்கு வேலை போகும். யார்க்‌ஷயரின் கிரைம்தார்ப் கிராமமும் அந்தப் பட்டியலில் இருந்தது. 1993இல் அங்கே சுரங்கம் மூடியது. மறு ஆண்டே ஐரோப்பிய ஒன்றிய ஆய்வு ஒன்று, பிரிட்டனின் மிக ஏழ்மையான கிராமம் என்று அதைக் குறிப்பிட்டது. ஓர் ஊர் இத்தனை வேகமாக எப்படி விழுகிறது?

அங்கே சுரங்கம் தந்தது சம்பளம் மட்டும் இல்லை. தெருத்தெருவாக வீடுகள் எழுந்ததே சுரங்கத்துக்காகத்தான். குளிர்காலத்துக்கு வேண்டிய நிலக்கரி சலுகையாக வீடு வந்து சேர்ந்தது. மனமகிழ் மன்றம், விளையாட்டுத் திடல், வாத்தியக் குழு எல்லாமே சுரங்கத்தை நம்பி நடந்தன. மூடல் அறிவிப்பு வந்த அதே மாதம் கிரைம்தார்ப் சுரங்க வாத்தியக் குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் தேசியப் போட்டியில் முதல் பரிசு வென்றது.

மூடியவுடன் பட்டினி வருவதில்லை. இழப்பீட்டுத் தொகை கையில் இருக்கும்வரை கடைத்தெரு ஓடும். அது கரைந்ததும் இறைச்சிக் கடை, மதுக்கூடம், பேருந்துச் சேவை என்று ஒவ்வொன்றாகப் போகும். "வெளியூர் போய்ப் பிழைக்கலாமே" என்பார்கள். ஆனால் வேலை இல்லாத ஊரில் வீட்டை யார் வாங்குவார்? விற்ற காசில் நகரத்தில் ஓர் அறைகூடக் கிடைக்காது. அப்பா வேலை செய்த குழிக்கே 16 வயதில் மகனும் போவது வழக்கமாக இருந்த இடத்தில், அந்த வயதுப் பையன்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. 1990களில் பல சுரங்க ஊர்களுக்குள் ஹெராயின் புகுந்தது இந்த வெற்றிடத்தில்தான்.

இத்தனைக்கும் அரசின் வேலையின்மைக் கணக்கு பெரிதாக ஏறவே இல்லை. இதைத் துருவிப் பார்த்தவர்கள் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா பீட்டியும் ஸ்டீவ் ஃபாதர்கில்லும். வேலை இழந்தவர்களில் ஏராளமானோர் உடல்நலக் குறைவுக்கான உதவித்தொகைக்கு மாறியிருந்தார்கள். வேலை தேடுவோர் பட்டியலில் பெயர் இல்லாததால் அவர்கள் வேலையற்றவர்களாக எண்ணப்படவில்லை. மருத்துவச் சான்றிதழுக்குள் ஒரு தலைமுறையின் வேலையின்மை மறைந்துபோனது என்பதே இதன் பொருள். இதை நான் பெரிய அநீதியாகப் பார்க்கிறேன். கணக்கில் இல்லாதவருக்கு யாரும் திட்டம் போடுவதில்லை.

பிறகு வேலைகள் வந்தன. ஷயர்புரூக் சுரங்கம் இருந்த நிலத்தில் இன்று விளையாட்டுப் பொருள் விற்கும் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் நிறுவனத்தின் கிடங்கு நிற்கிறது. அங்கே பெரும்பாலோர் ஏஜென்சி வழியாக எடுக்கப்பட்டவர்களாக இருந்தார்கள். அவர்கள் நடத்தப்பட்ட விதத்தை 2016இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது.

ஜெர்மனியின் ரூர் பகுதி வேறு வழியில் போனது. 1950களில் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் இருந்தார்கள். 1958இல் நெருக்கடி தொடங்கியது. ரூரின் கடைசிச் சுரங்கமான பிராஸ்பர்-ஹானியல் மூடியது 2018 டிசம்பர் 21 அன்று. நடுவே 60 ஆண்டுகள். போகும் சுரங்கம் போகட்டும், ஆளை நடுத்தெருவில் விடமாட்டோம் என்று தொழிற்சங்கம் பிடிவாதமாக நின்றது. முன்கூட்டிய ஓய்வூதியம், மாற்றுப் பயிற்சி என்று படிப்படியாக ஆட்குறைப்பு நடந்தது. ரூரின் முதல் புதிய பல்கலைக்கழகம் 1965இலேயே போஹுமில் வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. இதற்காக அரசு கொட்டிய மானியம் கொஞ்சமல்ல. அப்படியும் கெல்சன்கிர்ஷன் நகரம் இன்றும் நாட்டிலேயே வேலையின்மை மிக அதிகமான இடங்களில் ஒன்று. அவகாசம் கொடுத்தாலே இந்தப் பாடு என்றால், கொடுக்காத ஊரின் கதியை எண்ணிப் பாருங்கள்.

இந்தியாவில் நிலக்கரியால் வாழும் தன்பாத், கோர்பா, பழுப்பு நிலக்கரியால் வாழும் நெய்வேலி ஆகியவற்றுக்கும் சுரங்கம் மூடும் நாள் வரும். 2070க்குள் கரியமில வெளியேற்றத்தை நிகரப் பூஜ்யமாக்குவதாக இந்தியா அறிவித்திருக்கிறது. நம் சுரங்கங்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஏராளம். முதலில் வேலை இழப்பவர்களும் அவர்களே. மூடும் தேதியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவியுங்கள். நிரந்தரப் பணியாளர்களுடன் ஒப்பந்தத் தொழிலாளர்களையும், அவர்களை நம்பிக் கடை வைத்திருப்பவர்களையும் இப்போதே கணக்கெடுங்கள்.