வாப்பாவும் பிந்தித்தான் பேசினார்

"இவன்ட வாப்பாவும் மூணு வயசிலதான் வாய் தொறந்தார். இவனும் பேசுவான், பயப்படாதீங்க." கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை மூத்தம்மாமார் சொல்லும் ஆறுதல் இது. உடப்பில் இதையே அம்மம்மாவும் சொல்வார். ஆறுதல் சொல்வதில் தப்பில்லை. அதை நம்பிக் காத்திருக்கும் மூன்று வருடந்தான் பிள்ளைக்கு நஷ்டம். பேச்சைப் பிடித்துக்கொள்ள மூளை மிக ஆயத்தமாக இருப்பது அந்த வயதில்தான். அப்போது சத்தமே உள்ளே போகாவிட்டால், பிறகு எந்தக் கருவி மாட்டினாலும் பாதி வேலைதான் நடக்கும்.

காத்திருந்து முடிந்ததும் பழி தாயின் தலையில் விழும். கிரகணத்தில் வெளியே போனாள், வயிற்றுப் பிள்ளையோடு பட்டாசுச் சத்தம் கேட்டாள், யாரோ கண் வைத்தார்கள் என்று பேச்சு வளரும். இவை எதுவும் காரணமில்லை. பிறவிச் செவிட்டுக்குப் பல நேரம் காரணமாக இருப்பது, கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதத்தின் பழுது.

கரு நாலு கிழமையாக இருக்கும்போதே உட்காதுக்கு அத்திவாரம் விழுந்துவிடுகிறது. அநேக பெண்களுக்குத் தாம் பிள்ளைத்தாய்ச்சி என்றே தெரியாத காலம் அது. பிறகு இரண்டரைச் சுற்றுச் சுருளாக, நத்தைச்சுருள் என்ற குழாய் வளர்கிறது. அதனுள்ளே, ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள். தாயின் வயிற்றில் உண்டான அந்தக் கலங்கள்தான் ஆயுள் முழுக்க. செத்தவை திரும்ப முளைப்பதில்லை.

இந்தக் குழாயைக் கட்டி ஓடவைக்கப் பல புரதங்கள் வேண்டும். அவற்றில் கொனெக்சின் 26 என்பது, கலத்துக்குக் கலம் பொட்டாசியம் கடந்துபோகும் வாசலைக் கட்டுகிறது. அந்த ஓட்டம் நின்றால் மயிர்க்கலம் வேலை செய்யாது. அந்த வாசல் பழுதானால் செவிடு வரும் என்பது 1997இல்தான் நிரூபணமானது. தெற்காசியாவில் அதிகம் காணப்படும் கோளாறு வேடிக்கையானது. 226 அமினோ அமிலங்களைக் கோர்த்து முடிக்க வேண்டிய இந்தப் புரதம், 24ஆம் இடத்தில் "நிறுத்து" என்ற தவறான கட்டளை வந்து அப்படியே நின்றுவிடுகிறது. அதற்கான மரபணுவில் ஓர் எழுத்துப் பிழைதான்.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் பிள்ளைக்குப் பாதிப்பு. ஒரு பிரதி மட்டும் உள்ளவருக்குக் காது நன்றாகவே கேட்கும். தன்னிடம் அது இருப்பதே தெரியாது. இருவரும் அப்படிச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமா மகன், மாமி மகள் என்று சொந்தத்துக்குள்ளே முடிக்கும்போது ஒரே பிழை இரு பக்கமும் இருக்கும் சாத்தியம் கூடுகிறது. சொந்தத்தில் முடித்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சுகமான பிள்ளைகள்தான் பிறக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் இதையே பிடித்துக்கொண்டு மருமகளைக் குத்த ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குக் காது கேட்காவிட்டால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பாவது, இன்னொரு சம்பந்தம் பேசுவதற்கு முன்பாவது மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983இலிருந்து இயங்குகிறது. கிளினிக் வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள்.

இனி, அதிகம் பேர் ஏமாறும் இடம். பிறந்த பிள்ளையின் காதில் சிறு குமிழை வைத்து, உள்ளிருந்து வரும் எதிரொலியைப் பதியும் ஒரு சோதனை உண்டு. ஓ.ஏ.ஈ. என்பார்கள். தூங்கும் பிள்ளைக்குச் சில நிமிடத்தில் முடியும். அதில் "பாஸ்" என்றால் வீட்டில் இனிப்புக் கொடுப்பார்கள். ஆனால் அந்த எதிரொலியைத் தருவது வெளிவரிசை மயிர்க்கலங்கள் மட்டும். உள்வரிசைக் கலம் நரம்புக்குச் செய்தியைக் கைமாற்றுவதற்கு ஒட்டோஃபெர்லின் என்ற வேறொரு புரதம் வேண்டும். அது இல்லாத பிள்ளைக்கு ஓ.ஏ.ஈ. பாஸ் ஆகும், காது கேட்காது. காது முதல் மூளைத்தண்டு வரை சமிக்ஞை போகிறதா என்று தலையில் மின்முனை ஒட்டிப் பார்க்கும் ஏ.பி.ஆர். சோதனைதான் அதைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே முதல் துண்டில் பாஸ் என்று எழுதியிருந்தாலும் பிள்ளை பெயருக்குத் திரும்பவில்லை, பின்னால் நின்று கூப்பிட்டால் அசையவில்லை என்றால், "ஏ.பி.ஆர். செய்ய அனுப்புங்க டொக்டர்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சட்டியைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பிள்ளை அதிர்வையும் கண்ணில் பட்ட அசைவையும் வைத்தும் திரும்பும்.

பழுதான புரதம் எதுவென்று தெரிந்துகொள்வதற்கும் பலன் வந்துவிட்டது. சீனாவின் ஷாங்ஹாயில் ஒட்டோஃபெர்லின் குறைபாட்டோடு பிறந்த 6 பிள்ளைகளுக்கு மரபணுச் சிகிச்சை கொடுத்ததில் 5 பேருக்குக் கேட்கத் தொடங்கியதாக 2024 ஜனவரியில் லான்செட் இதழ் வெளியிட்டது. அது அந்த ஒரு புரதத்துக்கான சிகிச்சை. கொனெக்சின் பிள்ளைகளுக்குப் பொதுவாக நரம்பு சேதமின்றி இருப்பதால், நத்தைச்சுருளில் பொருத்தும் கொக்ளியர் இம்ப்ளாண்ட் நல்ல பலன் தருகிறது, சீக்கிரம் செய்தால்.

மரபணுவைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. அது இந்தப் புத்தளம் மாவட்டத்தின் உப்பளத்திலேயே குவிந்து கிடக்கிறது. மயிர்க்கலங்களுக்கு மேலே கூரையாக ஒரு மெல்லிய படலம் கிடக்கிறது. அதைக் கட்டுவது டெக்டோரின் புரதங்கள். அவை ஒழுங்காக உருவாகத் தைரொயிட் ஹோர்மோன் தேவை. அந்த ஹோர்மோனுக்கு அயடீன் தேவை. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் கரு அந்த ஹோர்மோனுக்குத் தாயைத்தான் நம்பியிருக்கிறது. கடும் அயடீன் குறைபாடு உள்ள ஊர்களில் செவிட்டு ஊமைப் பிள்ளைகள் பிறந்ததன் காரணம் இதுவே. மனிதர் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பதை இலங்கை 1995இல் கட்டாயமாக்கியது.

புத்தளம், பாலாவிப் பக்கம் கருவாட்டுக்கென்று சாக்கில் வாங்கும் கல்லுப்பு அப்படிப்பட்டதல்ல. அதே சாக்கிலிருந்து ஒரு கை அள்ளி அடுப்படிச் சட்டியில் போட்டால் வீட்டுக்கு அயடீன் கிடைக்காது. கடற்கரை மக்கள் மீன் தின்பதால் இங்கே ஆபத்துக் குறைவு, உண்மைதான். அயடீன் குறைவால் வரும் கழலை அதிகம் இருந்தது நாட்டின் ஈரவலயத்தில். என்றாலும் மசக்கையில் மீன் வாடையே ஆகாத பெண்ணுக்கு அந்தக் காவல் இல்லை. பக்கெட் உப்பையும் கழுவினால், திறந்த சிரட்டையில் போட்டால், அயடீன் குறைந்துபோகும். மூடி போட்டு வையுங்கள், கறி இறக்கும்போது போடுங்கள்.

மரபணு சாராத இன்னொரு காரணம் தொற்று. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் கருவின் காது பழுதாகலாம். 1996இலிருந்து பெண்களுக்குத் தடுப்பூசி கொடுத்ததால் அந்தப் பயம் இந்நாட்டில் பெரிதும் அடங்கிவிட்டது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசியைத் தவறவிடாதீர்கள்.

வழி தெரியாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியவர் ஊர் மிட்வைஃப். ஒரு மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதி, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகம் ஏற்ற கணக்கு. உங்கள் ஆஸ்பத்திரியில் சோதனைக் கருவி இல்லையென்றால், இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தரச் சொல்லுங்கள். செவிப்புலக் கருவிக்கான உதவிக்குப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். கொக்ளியர் இம்ப்ளாண்டுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்கலாம்.

பாடசாலையில் "இந்தப் பிள்ளைய எடுக்க ஏலாது" என்றால் அது அதிபரின் விருப்பமல்ல. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது; மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப் போட வழி தருகிறது. வழக்குக்கு வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் முறையிடலாம்.

எனக்கு மிகவும் உறுத்துவது பேச்சுப் பயிற்சி. நாட்டின் பேச்சுச் சிகிச்சையாளர்களில் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மொழியில் பயிற்சி, வீட்டில் இன்னொரு மொழி என்றால், ஏற்கெனவே பிந்திய பிள்ளை இன்னும் பிந்தும். தமிழில் பயிற்சி வேண்டுமென்று எழுத்தில் கேளுங்கள். மாவட்டத்தில் தமிழ் பேசும் சிகிச்சையாளர் எத்தனை பேர், ஏ.பி.ஆர். எந்த ஆஸ்பத்திரியில் உண்டு, காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர்கள் அறிவித்தாக வேண்டும்.